அந்த சிடியைத் தூக்கிப் போடாதே, கொஞ்சம் பொறு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். குரலே சரியில்லை. "அக்கா, தாத்தாவோட சதாபிஷேக சிடி போச்சுக்கா. புது டிரைவ் வாங்கி மாட்டினேன். டிக் டிக்னு சத்தம்தான் வருது, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியலை."

2007-ல் எடுத்த வீடியோ அது. தாத்தா சிரித்துப் பேசி, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விபூதி வைத்துவிடுவார். அவர் குரல் இருக்கும் ஒரே பதிவு. வேறு பிரதி எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "டிரைவை எதுல மாட்டியிருக்கே?"

லேப்டாப்பில் ஒரு சின்ன ஹப். அந்த ஹப்பில் மவுஸ், ஒரு பென் டிரைவ், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன், நாலாவதாக இந்த டிவிடி டிரைவ். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். டிரைவை மட்டும் லேப்டாப்பில் நேராக மாட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு போனிலேயே நாதஸ்வரம் கேட்டது.

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். முகூர்த்த மாதங்களில் நாள் முழுக்க சிடி ரைட் பண்ணிக்கொண்டே இருப்போம். "ஓடலை" என்று திரும்பி வருகிற சிடிகளையும் நான்தான் வாங்கிப் பார்ப்பேன். அப்படி வந்தவற்றில் நிறைய சிடிகள் நன்றாகத்தான் இருந்தன. கரென்ட் போதாமல் இருக்கும், டிரேயில் சரியாக உட்காராமல் இருக்கும், தப்பான சாஃப்ட்வேரில் திறந்திருப்பார்கள். இதெல்லாம் பார்த்த பிறகுதான் சிடி மேல் குற்றம் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு அன்று போனில் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். பீரோவில் ஒரு சிடி பவுச் வைத்திருக்கிற எல்லாத் தங்கச்சி தம்பிகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கரென்ட்

யூஎஸ்பி ஒயரில் சொருகுகிற ஒல்லியான டிவிடி டிரைவுக்குத் தனியாக அடாப்டர் கிடையாது. மோட்டார் சுற்றவும், லேசர் எரியவும், டிரே திறக்கவும் வேண்டிய மொத்த மின்சாரமும் அந்த ஒரே ஒயர் வழியாக லேப்டாப்பிலிருந்து வர வேண்டும். பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவதாக உறுதி சொல்வது 500 மில்லி ஆம்பியர். உள்ளே நீல நிறம் தெரியும் யூஎஸ்பி 3.0 துளை 900 வரை தரும். நின்றிருக்கிற சிடியைச் சுழற்றி வேகம் பிடிக்க வைக்கும் அந்த முதல் சில நொடிகளில் டிரைவ் ரொம்பவே இழுக்கும். மாவு நிறைய போட்ட கிரைண்டர் கிளம்பும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதே சங்கதிதான். அந்த நேரத்தில் போதாமல் போனால் டிரைவ் அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். தங்கச்சி கேட்ட டிக் டிக் அதுதான். விண்டோஸில் யூஎஸ்பி மாட்டும்போதும் கழற்றும்போதும் வரும் சத்தம் மாறி மாறி வந்தாலும் இதே காரணம்தான்.

அதனால் டிரைவை எப்போதும் லேப்டாப்பிலேயே நேராக மாட்டு. லேப்டாப் சார்ஜரும் இணைந்திருக்கட்டும். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் சொருகு. சில டிரைவுகளின் ஒயரில் ஒரு முனை இரண்டாகப் பிரிந்து இரண்டு பின் இருக்கும். ஒன்று கூடுதல் கரென்ட்டுக்காகவே வைத்தது. இரண்டையும் மாட்ட வேண்டும். கைக்கு எட்டவில்லை என்று நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் போடாதே. ஒயர் நீள நீள, மெலிய மெலிய, போய்ச் சேரும் மின்சாரம் குறையும். டிரைவோடு வந்த ஒயர் தொலைந்துவிட்டதா? பின் பொருந்துகிறது என்பதற்காகப் போன் சார்ஜர் ஒயரை மாட்டிப் பார்த்து ஏமாறாதே. சார்ஜுக்கு மட்டுமே ஆன சில ஒயர்களில் தகவல் போகும் கம்பியே இருக்காது.

புது லேப்டாப்பில் டைப்-சி துளை மட்டும்தான் என்றால், பெரிய பின்னை டைப்-சி ஆக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போதும். ஹப் இல்லாமல் முடியாது என்றால் தனி அடாப்டர் போட்டு வரும் ஹப்பாக வாங்கு. லேப்டாப்பிலிருந்து இழுத்து நாலு பேருக்குப் பங்கிடும் ஹப் இந்த வேலைக்கு ஆகாது.

டி.வி-க்குப் பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளையில் மாட்டினால் படம் ஓடுமா என்று அத்தை கேட்டாள். பெரும்பாலான டி.வி-க்கு இந்த டிரைவை அடையாளமே தெரியாது. கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுத்தான் டி.வி-யில் பார்க்க வேண்டும்.

'டக்' என்று கேட்க வேண்டும்

பழைய மேசைக் கம்ப்யூட்டரில் சிடியை டிரேயில் சும்மா வைத்தால் போதும். உள்ளே போனதும் மேலிருந்து ஒரு பிடி வந்து பிடித்துக்கொள்ளும். ஒல்லி டிரைவில் அந்த மேல்பிடி கிடையாது. டிரேயின் நடுவில் இருக்கும் குமிழில் மூன்று சின்னப் பற்கள் இருக்கும். சிடியை அதன் மேல் வைத்து, ஒரு கையால் டிரேயை அடியில் தாங்கிக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் நடு வளையத்தை அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் டிரேயை மூடாதே. சரியாக உட்காராத சிடி உள்ளே சாய்ந்தபடி சுற்றி டிரைவின் மூடியில் உரசும். அந்தக் கரகர சத்தம் வந்த கையோடு வட்டமாக ஒரு கீறலும் விழுந்துவிடும். எடுக்கும்போதும் அப்படித்தான்: நடுக் குமிழை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே ஓரத்தைப் பிடித்துத் தூக்கு. ஓரத்தை மட்டும் பிடித்து இழுத்தால் சிடி வளையும், நடுவில் விரிசல் விடும்.

நடு ஓட்டையிலிருந்து கிளம்பிய விரிசல் இருக்கும் சிடியை எக்காரணம் கொண்டும் உள்ளே போடாதே. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் இடம் அது. சிடி உடைந்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும், டிரைவும் அதோடு போய்விடும்.

டிரைவை மேசை மேல் சமமாக வை. மெத்தை, மடி, தலையணை எதுவும் வேண்டாம். சுற்றிக்கொண்டிருக்கும்போது தூக்கி நகர்த்தவும் வேண்டாம். டிரே திறந்திருக்கும்போது குட்டிக் கண்ணாடிப் பொட்டு மாதிரி ஒன்று தெரியும். அதுதான் லென்ஸ். ஒல்லி டிரைவில் அது டிரேயோடு சேர்ந்தே வெளியே வந்துவிடுவதால் வீட்டுக் குழந்தைகளின் விரல் அதில்தான் போய் நிற்கும். தூசி படிந்திருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு, கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் பம்பால் ஊது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

"ஃபார்மட் பண்ணவா?" என்று கேட்டால்

டிரைவுக்கு எந்த சாஃப்ட்வேரும் ஏற்ற வேண்டாம். விண்டோஸும் மேக்கும் தாமாகவே கண்டுகொள்ளும். விண்டோஸில் 'திஸ் பிசி'யைத் திறந்தால் தெரியும். மேக்கில் சிடி உள்ளே போன பிறகுதான் அதன் படம் வரும். காலி டிரைவாக மாட்டிவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று பயப்படாதே.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. உள்ளே வீடியோ இருக்கிறது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்த டிஸ்கைப் போடுகிறாய். விண்டோஸ் அதைக் காலி டிஸ்க் என்று நினைத்து, இதை எப்படிப் பயன்படுத்தப் போகிறாய், ஃபார்மட் பண்ணவா என்று ஒரு பெட்டி காட்டுகிறது. 'கேன்சல்' கொடுத்து வெளியே வந்துவிடு. ஹேண்டிகேமிலோ, டி.வி-யோடு வைத்த டிவிடி ரெக்கார்டரிலோ எழுதி, கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்யாமல் எடுத்துவிட்ட டிஸ்க் இப்படித்தான் காலி போலக் காட்டும். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். அந்தப் பழைய கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்யலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் மாதிரியான மென்பொருள் அதைப் படித்துவிடும். 'ஓகே' கொடுத்து எதையாவது எழுத விட்டால்தான் ஆபத்து.

கல்யாண சிடி எந்த வகை?

வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் சிடி என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது மூன்று விதம். எந்த விதம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்கைத் திறந்ததும் 'எம்பெக்ஏவி' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அது விசிடி. அதற்குள் 'டாட்' என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும், அதுதான் படம். ஒரு விசிடியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு கல்யாணத்தை மூன்று சிடியாகப் போட்டுக் கொடுப்போம்: ஜானவாசம், முகூர்த்தம், ரிசப்ஷன். மூன்றும் உன்னிடம் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பார். இதன் படம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளிதான். பெரிய டி.வி-யில் மங்கலாகத் தெரிந்தால் அது டிஸ்க் கெட்டதால் வந்த மங்கல் கிடையாது.

'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டர் இருந்தால் டிவிடி. அதற்குள் 'விஓபி' என்று முடியும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ஒரே படத்தைத்தான் ஒவ்வொன்றும் 1 ஜிபி-க்குள் வருகிற மாதிரி வெட்டி வைத்திருக்கும்.

இரண்டையும் விஎல்சி பிளேயரில் திற. இலவசம். விண்டோஸ் 8 முதல் வந்த கம்ப்யூட்டர்களில் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. நிறைய பேர் சிடி மேல் பழி போடுவது இந்த இடத்தில்தான். டிரைவ் வேலை செய்கிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது, திறக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

படம் ஓடியதும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடாதே. முதலில் காப்பி. டிவிடி என்றால் 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முழுசாக இழுத்துக் கம்ப்யூட்டரில் போடு. பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரைக் காட்டி எம்பி4 ஆக மாற்று. போனில் ஓடும், வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு ஒரு துண்டு அனுப்பலாம். மாற்றும்போது 'டீஇன்டர்லேஸ்' என்ற இடத்தைக் கவனி. அந்தக் கால வீடியோ கேமரா ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக எடுக்கும். அதை அப்படியே மாற்றினால் யாராவது கை அசைக்கும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். டீஇன்டர்லேஸ் போட்டால் போய்விடும். எம்பி4 வந்துவிட்டது என்று மூல ஃபோல்டரை அழித்துவிடாதே. மாற்றும்போது கொஞ்சம் தரம் குறையத்தான் செய்யும்.

விசிடி காப்பி எடுப்பது கொஞ்சம் அடம் பிடிக்கும். சாதாரண டேட்டா சிடியில் பிழை திருத்துவதற்கென்று கூடுதலாக ஒரு அடுக்கு உண்டு. விசிடியின் வீடியோ பகுதியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் சின்னக் கீறலுக்கே விண்டோஸ் காப்பி பாதியில் நின்று பிழை காட்டும். அதே இடத்தை விஎல்சி ஓட்டும்போது ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரிந்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். ஆகவே விஎல்சி-யில் 'கன்வெர்ட்/சேவ்' போய் டிஸ்கையே கொடுத்து ஃபைலாகச் சேமித்துப் பார். நான் இதே வழியில் எங்கள் சித்தியின் கல்யாணத்தை முழுசாக மீட்டேன். தாலி கட்டும் இடத்தில் ஒரே ஒரு கட்டம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது விதம் பாட்டு. கடையில் வாங்கிய ஆடியோ சிடியை விண்டோஸில் திறந்தால் 'டிராக்01' என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 1 கேபி என்று காட்டும். அதை இழுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு காப்பி ஆயிற்று என்று சிடியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். என் தோழி ஒருத்தி தன் அரங்கேற்றத்தின் நட்டுவாங்கப் பதிவை இப்படித்தான் இழந்தாள். அந்த 1 கேபி ஃபைலில் பாட்டு இல்லை. பாட்டு சிடியில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற விலாசம் மட்டும்தான் இருக்கிறது. பாட்டை எடுக்க 'ரிப்' செய்ய வேண்டும். விண்டோஸ் மீடியா பிளேயரில் 'ரிப் சிடி' என்று இருக்கும், மேக்கில் மியூசிக் ஆப்பில் 'இம்போர்ட்' என்று இருக்கும். ஒரு நிமிடப் பாட்டு சிடியில் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். எடுத்து முடித்த ஃபைலின் அளவைப் பார்த்தாலே பாட்டு வந்ததா, விலாசம் வந்ததா என்று தெரிந்துவிடும். வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும் குரல் பதிவை எம்பி3 ஆக்காமல் விண்டோஸில் 'எஃப்எல்ஏசி' என்றும், மேக்கில் 'ஆப்பிள் லாஸ்லெஸ்' என்றும் தேர்ந்தெடு. அதில் ஒலி துளியும் குறையாது. நூறு பாட்டு இருக்கும் எம்பி3 சிடிக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. சும்மா இழுத்துப் போடலாம்.

அமெரிக்காவிலிருந்து யாராவது அனுப்பிய சினிமா டிவிடி போட்டால் 'ரீஜன்' மாற்றவா என்று கேட்கும். இந்தியா 5, அமெரிக்கா 1. டிரைவில் மொத்தமே ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். யோசித்து அழுத்து. வீட்டு வீடியோவுக்கு ரீஜன் கிடையாது.

ஸ்கேன் சிடி

இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒரு சிடி வருகிறது என்றால் அது ஸ்கேன் சென்டரிலிருந்து வருவதுதான். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமோடு உறைக்குள் ஒரு டிஸ்க் வைத்துத் தருகிறார்கள். அப்பாவுக்கு முதுகு எம்ஆர்ஐ எடுத்தபோது அந்த உறையை அலமாரியில் செருகிவிட்டோம். ஒரு வருஷம் கழித்து இன்னொரு மருத்துவர், "பழைய ஸ்கேன் இருக்கா? பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்" என்றார். ஃபிலிம் ஒட்டிக்கொண்டு கெட்டிருந்தது. டிஸ்க் கை கொடுத்தது.

ஸ்கேன் சிடி கைக்கு வந்த அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடு. படம் மட்டும் போதும் என்று தேடித் தேடி எடுக்காதே. இவை சாதாரண போட்டோ ஃபைல்கள் அல்ல, 'டைகாம்' என்ற மருத்துவ வகை. பெயருக்குப் பின்னால் எந்த வகை என்ற எழுத்துகூட இல்லாமல், எண்ணாக, நூற்றுக்கணக்கில் இருக்கும். 'டைகாம்டிர்' என்ற ஒரு ஃபைல்தான் எது எந்த வரிசை என்று சொல்லும் பொருளடக்கம். ஆகவே டிஸ்கில் இருப்பது மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரும் தேதியும் போட்ட ஒரே ஃபோல்டரில் அப்படியே இறக்கு. கூடவே வரும் பார்க்கும் மென்பொருள் அனேகமாக விண்டோஸில் மட்டும்தான் திறக்கும். மேக் வைத்திருந்தால் ஹோரோஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் சிடியோடு வந்த மென்பொருள் திறக்காமல் அடம்பிடித்தால் மைக்ரோடைகாம்.

திரையில் தெரிவதைப் போனில் படம் பிடித்து மருத்துவருக்கு அனுப்பாதே. டைகாமில் அவர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, அளவு எடுத்து, அடுத்தடுத்த வெட்டைப் புரட்டிப் பார்ப்பார். போன் படத்தில் இது எதுவும் முடியாது. இன்னொன்று, அந்த ஃபைல் ஒவ்வொன்றுக்குள்ளும் நோயாளியின் பெயர், வயது, அடையாள எண் எழுதியிருக்கும். குடும்ப குரூப்பில் போடும் பொருள் இல்லை அது. மருத்துவமனைக்குப் போகும்போது பென் டிரைவோடு மூல சிடியையும் எடுத்துப் போ. வைரஸ் பயத்தில் சில இடங்களில் வெளி பென் டிரைவைத் தொட மாட்டார்கள், சிடியை வாங்கிக்கொள்வார்கள்.

துடைப்பது

மினுமினுக்கும் பக்கத்தில் கைரேகை, எண்ணெய், தூசி இருந்தால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடை. வட்டமாகத் துடைக்காதே. சிடியில் பதிவு நடுவிலிருந்து கிளம்பி வெளியே விரியும் ஒரே சுருள் பாதையில் இருக்கிறது, நம் கொசுவர்த்திச் சுருள் மாதிரி. அந்தப் பாதையில் 2.5 மி.மீ. நீளம் வரை அழிந்திருந்தாலும் அக்கம்பக்கத்துத் தகவலை வைத்து டிரைவ் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். நேர்க்கோடாக விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் வெட்டுகிறது. வட்டமாக விழுந்த கீறல் பாதையோடு கூடவே ஓடுகிறது; அதை டிரைவால் ஈடுகட்ட முடியாது.

பிசுக்கு போகவில்லையென்றால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்து. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் கூடாது; பிளாஸ்டிக்கே வெளுத்துப் போகும். பற்பசை போட்டுத் தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரே பிரதியாக இருக்கும் டிஸ்கில் அதைச் செய்யாதே என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற எல்லா வழியும் பார்த்துவிடு.

பெரும்பாலோர் அடிப்பக்கத்தைத்தான் கண் போலப் பார்க்கிறார்கள். சிடியில் உயிர் மேல்பக்கத்தில் இருக்கிறது. 1.2 மி.மீ. தடிமனில் அடியில் முழுக்க பிளாஸ்டிக்தான். பதிவும் பளபளப்பும் பெயர் எழுதும் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போதும், கீழே இருப்பது அழுந்திவிடும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்கவே உரிக்காதே, பதிவும் சேர்ந்து வந்துவிடும். சிடியைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார். ஊசி குத்தியது போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பதிவு இல்லை. டிவிடி பரவாயில்லை, அதில் பதிவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

எல்லாம் செய்தும் ஓடவில்லை என்றால்

வேறொரு டிரைவில் போட்டுப் பார். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கடையில் நான் கற்ற பெரிய பாடம் இது. ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்கை இன்னொன்று நிதானமாகப் படித்துவிடும். லேசரின் வலு, லென்ஸின் சுத்தம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மாமா வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கம்ப்யூட்டரின் கனமான டிரைவ் சில நேரம் நம் ஒல்லி டிரைவை விட நன்றாகப் படிக்கும்.

டிவிடியோ டேட்டா சிடியோ காப்பி பாதியில் நின்றால் மறுபடி மறுபடி அதே மாதிரி இழுக்காமல், மொத்த டிஸ்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுக்கப் பார். விண்டோஸில் இம்ஜ்பர்ன் செய்யும். விண்டோஸ் 8-லிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இரண்டு கிளிக் செய்தால் சிடி போட்ட மாதிரியே திறக்கும். லினக்ஸ் தெரிந்த தம்பி யாராவது வீட்டில் இருந்தால் 'டிடிரெஸ்க்யூ' போடச் சொல். நல்ல இடங்களையெல்லாம் முதலில் எடுத்து வைத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்போடு வேறு டிரைவில் தொடர்ந்தால் விட்ட இடங்கள் மட்டும் நிரம்பும். ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த உடனே போடாதே. நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த டிஸ்கிலும் லென்ஸிலும் பனியாகப் படியும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடு.

டிரே திறக்காமல் சிக்கிக்கொண்டால் கத்தியால் நெம்ப வேண்டாம். முன்பக்கம் குண்டூசித் தலை அளவு ஓர் ஓட்டை இருக்கும். ஒயரைக் கழற்றி, சுற்றுவது நிற்கும் வரை காத்திருந்து, பேப்பர் கிளிப்பை நீட்டி அந்த ஓட்டையில் நேராக அழுத்து. டிரே ஒரு விரற்கடை வெளியே வரும், கையால் மெல்ல இழுத்துக்கொள்ளலாம். தினமும் வேலை முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்து டிஸ்கை எடுத்த பிறகே ஒயரைக் கழற்று.

வாங்குவதற்கு முன்

பத்து சிடிக்காக டிரைவ் வாங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும், சுற்றி வரட்டும். வீட்டில் செத்துப்போன பழைய லேப்டாப் இருந்தால் அதன் டிரைவ் பெரும்பாலும் ஒரே ஒரு திருகில்தான் நிற்கும். கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டால் புது டிரைவ் ஆகிவிடும். தடிமனை மட்டும் அளந்துகொள்: 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு அளவு உண்டு, கேஸும் அதற்கேற்ப வாங்க வேண்டும். லேப்டாப்கள் இந்த டிரைவுக்கு இடமில்லாத அளவு மெலிந்ததால்தான் டிரைவ் வெளியே வந்தது. 2008-ல் ஆப்பிளின் மேக்புக் ஏர் டிரைவ் இல்லாமலே வந்தபோது, கூடவே யூஎஸ்பி டிரைவைத் தனியாக விற்றார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேஸும் கிடைக்கும், டிரைவும் கிடைக்கும். ஓடுகிற ஒரு சிடியைக் கையோடு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கு.

புதிதாக எழுதுவதும் உண்டு என்றால் ஒரே ஒரு விஷயம். விண்டோஸ் இரண்டு வழி காட்டும். 'யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' என்பதை விட்டுவிட்டு 'சிடி/டிவிடி பிளேயரில்' என்பதைத் தேர்ந்தெடு. அப்போதுதான் மற்ற இடங்களிலும் திறக்கும். 4.7 ஜிபி என்று போட்ட டிவிடியில் கம்ப்யூட்டர் கணக்கில் 4.38 ஜிபி-தான் கொள்ளும். எழுதி முடித்ததும் டிஸ்கிலிருந்து ஒரு பெரிய ஃபைலைத் திரும்ப இறக்கிப் பார்.

தங்கச்சி, தாத்தா வீடியோவை ஏற்றியதும் ஃபைலுக்கு 'டிராக்1' என்றே பெயர் விட்டிருக்கிறாய். '2007 தாத்தா சதாபிஷேகம்' என்று மாற்று. லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, எனக்கு ஒன்று. பிறகு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி, பந்தியில் இருக்கும் ஒவ்வொருவரும் யார் என்று கேட்டு நோட்டில் எழுது. மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டியிருக்கும் பெரியம்மாவை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பொங்கலுக்கு வரும்போது டிரைவை எடுத்து வா. நீலப் பவுச்சில் இன்னும் இருபத்தாறு சிடி இருக்கிறது, நான் துடைத்து வைத்திருக்கிறேன். டிரைவோடு வந்த ஒயரையும் மறக்காமல் பையில் போடு.